நூல்நிலையத்தின் வாயில்: பாரிஸ் ரிஷலியூ வீதிக் கட்டிடங்கள் பற்றி ஒரு நோக்கு

பழம்பெருங் கட்டிடங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைக் கட்டுவித்தோரின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். எந்த மன்னன் ஆணையிட்டான், எந்த அமைச்சன் பொருள் வழங்கினான், எந்தக் கலைஞன் தூண் நிறுத்தினான் என்பன வரிசையாகக் கூறப்படும். கோட்டை கொத்தளங்களுக்கு இம்முறை ஓரளவு பொருந்தலாம், நூல்நிலையத்திற்குப் பொருந்தாது. வாசகன் இல்லாத நூல்நிலையம் வெறும் பண்டசாலையே. ஆகவே அதன் வரலாற்றில் நாம் முதற்கண் கேட்க வேண்டிய வினா, அதைக் கட்டியவர் யார் என்பதன்று. அதனுள் சென்று உட்கார்ந்து படிக்க யாருக்கு உரிமை இருந்தது என்பதே.

இவ்வினாவை மனத்திற்கொண்டு, பாரிஸ் நகரின் நடுவே ரிஷலியூ வீதிக்கும் விவியென் வீதிக்கும் இடையே பரந்து கிடக்கும் கட்டிடத் தொகுதியை நோக்குவோம். 1721 முதல் 1998 வரை பிரான்சின் பெரு நூல்நிலையம் தன் தலைமையிடமாகக் கொண்டிருந்தது இதனையே. செல்வர் ஒருவரின் மாளிகையாகத் தொடங்கி, ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுக் காலத்தில் பல கைகளால் இடித்தும் இணைத்தும் கட்டப்பெற்ற இத்தொகுதி, 2010இல் தொடங்கிய பெருந் திருத்த வேலைகளின் பின்னர், 2022 செப்டெம்பரில் முழுமையாக மீண்டும் திறந்து வைக்கப்பட்டது. இதற்குச் செலவான தொகை ஏறத்தாழ 26 கோடி யூரோ. அங்குள்ள ஓவியக் கூரைகளும் கண்ணாடிக் குவிமாடங்களும் போற்றப்படுகின்றன, அவை போற்றுதற்குரியனவே. எனினும் அவற்றின் அழகில் நம் வினா மறைந்துவிடலாகாது.

இந்நூல்நிலையத்தின் தோற்றத்தை ஐந்தாம் சார்ள்ஸ் மன்னன் காலத்திலிருந்து கூறுதல் மரபு. அவன் 1368இல் தன் நூல்களை லூவர் அரண்மனையின் கோபுரம் ஒன்றில் வைத்தான். 1373இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி அங்கிருந்தவை 917 நூல்கள். இவ்வளவு நூல்களைச் சேர்த்த மன்னன் அக்காலத்திற் பாராட்டுக்குரியவனே. ஆனால் அவை மன்னனின் உடைமைகள். நகைகளைப் போலவும் குதிரைகளைப் போலவும் அவனுடன் சேர்த்து எண்ணப்பட்டவை. உடைமை கைமாறுவது இயல்பு. அவனது மகனும் மறைந்தபின் பிரான்சை ஆண்ட ஆங்கிலேயப் பிரதிநிதி பெட்போர்ட் கோமகன் அவற்றை விலைக்கு வாங்கினான், நூல்கள் சிதறிப்போயின. ஒரு மனிதனின் சொத்தாக இருக்கும் அறிவு அவனது குடியின் விதியையே தானும் அடையும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1537இல் முதலாம் பிரான்சுவா மன்னன் பிறப்பித்த ஆணை இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அரச நூல்நிலையத்துக்கு அளிக்கப்படல் வேண்டும் என்பது அவ்வாணை. இன்று உலகெங்கும் வழங்கும் சட்டபூர்வ வைப்பு முறைக்கு இதுவே முன்னோடி. நூல்களை அழியாது காக்கும் நல்லெண்ணம் அதில் இருந்தது. அதே வேளையில், சமயக் கலகம் பரவிய அக்காலத்தில், அச்சகத்தின் மீது அரசு ஒரு கண் வைத்திருக்கவும் அது உதவியது. இவ்விரு நோக்கங்களையும் பிரித்துப் பார்த்தல் இயலாது. ஆனால் ஆணையிட்டவன் எண்ணாத ஒரு விளைவும் காலப்போக்கில் ஏற்பட்டது. மன்னனைப் போற்றிய காவியத்தோடு, சந்தையில் விற்ற மலிவுக் கதையும், பின்னாளிற் தொழிலாளர் சங்கத்தின் துண்டுப் பிரசுரமும் அரசின் நூல்நிலையத்தினுள் இடம் பெற்றன. மக்கள் எழுதியவை உள்ளே சென்றுவிட்டன. மக்கள் உள்ளே செல்ல நெடுங்காலம் பிடித்தது.

ரிஷலியூ வீதித் தொகுதியின் மிகப் பழைய பகுதி 1635இல் எழுந்த ஒரு மாளிகை. பின்னர் அதைக் கொண்ட ட்யூபெஃப் என்னும் செல்வரின் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகின்றது. இளம் மன்னன் பதினான்காம் லூயியின் முதலமைச்சராயிருந்த கர்தினால் மசாரின் 1643இல் அதிற் குடியேறினார். பின்னர் அதை விலைக்கும் வாங்கினார். மான்சார் என்னும் கட்டிடக் கலைஞரைக் கொண்டு இரு நெடுங்கூடங்களை எழுப்பி, மேற்கூடத்தின் கூரைக்கு இத்தாலிய ஓவியர் ரொமானெல்லியைக் கொண்டு ஓவியம் தீட்டுவித்தார். இன்று பார்வையாளர் அண்ணாந்து நோக்கி வியக்கும் மசாரின் கூடம் இதுவே. இவ்வோவியங்கள் தீட்டப்பெற்ற ஆண்டுகள், வரிச்சுமை தாங்காது குமுறிய நாட்டிற் பிரோந்து எனப்படும் கலகம் வெடிப்பதற்குச் சற்று முந்திய ஆண்டுகள் என்பதும் மனங்கொள்ளத் தக்கது.

மசாரினின் ஆடம்பரத்தைக் காட்டிலும் அவருடைய நூலகர் காப்ரியேல் நோடேயின் பணி நம் கவனத்துக்கு உரியது. நூல்நிலையம் அமைத்தல் பற்றி 1627இலேயே நூல் எழுதிய நோடே, எந்த நூலும் பயன்படாதவாறு பூட்டி வைக்கப்படலாகாது என்ற கருத்துடையவர். ஏறத்தாழ 40,000 நூல்கள் கொண்டதாக வளர்ந்த மசாரினின் நூல்நிலையத்தை வியாழக்கிழமைதோறும் படிக்க விரும்புவோருக்குத் திறந்துவிட்டார். கலகத்தின்போது பாரிஸ் நீதிமன்றம் கர்தினாலின் நூல்களை ஏலத்தில் விற்க ஆணையிட்டது. கர்தினால்மீது மக்களுக்கு இருந்த சினம் நியாயமானதே. ஆனால் நூல்களின்மீது அதைத் தீர்த்தது பேதைமை. நோடே முறையிட்டும் பயனின்றிப் போகவே, தன் கைப்பணத்தைக் கொண்டு மருத்துவ நூல்களையேனும் வாங்கிக் காத்தார். மசாரினின் நூல்நிலையம் பின்னர் மீளச் சேர்க்கப்பட்டு வேறோர் இடத்திற்குச் சென்றது. ஆயினும் வாயில் திறந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணம் இம்மனையில் முதன்முதல் தோன்றியது ஓர் ஊழியரிடத்தே என்பது மறக்கத்தக்கதன்று.

அரச நூல்நிலையம் இப்பகுதிக்கு வந்தது 1666இல். நிதியமைச்சர் கொல்பேர், விவியென் வீதியில் தமக்குரியனவாயிருந்த இரு வீடுகளில் அதை வைத்தார். 1692இல் வாரத்தில் இரு நாள் பொதுமக்கள் அனுமதிக்கப்பட்டனர், அம்முயற்சி நீடிக்கவில்லை. 1720இல் வகுக்கப்பட்ட விதி, எல்லா நாட்டு அறிஞருக்கும் வாயிலைத் திறந்தது. பொதுமக்களுக்கு வாரத்தில் ஒரு நாள், முற்பகல் பதினொரு மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை மட்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம்! கைத்தொழிலாளி தன் தொழிற்கூடத்தை விட்டு வர இயலாத நேரம் அது. விதி எவரையும் விலக்கவில்லை. விலக்கும் வேலையை மணிக்கூடு செய்தது. அரண்மனை வாயிலிற் சேவகன் நின்று தடுப்பதைவிட இது நாகரிகமான முறை என்பதில் ஐயமில்லை.

1721இல் மன்னரின் நூலகர் அபே பின்யோன், நூல்நிலையத்தை ரிஷலியூ வீதிப் பக்கத்து மாளிகைக்கு மாற்றினார். அவ்விடம் காலியான காரணம் சுவையானது. ஜோன் லோ என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் காகிதப் பணத்தாலும் கம்பனிப் பங்குகளாலும் பிரான்சைச் செல்வத்திற் குளிப்பாட்டுவதாகக் கூறி நிறுவிய வங்கி அங்கேதான் இருந்தது. 1720இல் அம்மாயம் கலைந்தது, ஆயிரக்கணக்கானோர் ஓட்டாண்டியாயினர், வங்கி போன இடத்திற்கு நூல்கள் வந்தன. ஆனால் வணிகம் அம்மனையை விட்டு முற்றாக நீங்கிவிடவில்லை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமைச் செயலகம் பழைய ட்யூபெஃப் மாளிகையிலேயே இருந்தது. 1724இற் பாரிஸ் பங்குச் சந்தையும் அதே தொகுதியில் நிறுவப்பட்டது. ஒரு சுவருக்கு இப்பால் நூல். அப்பாற் பங்குப் பத்திரம். பண்பாட்டைப் பொருளாதாரத்தினின்றும் பிரித்துப் பேசுவோர் இம்மனையின் அமைப்பைச் சற்று ஆராய்தல் நன்று.

இவ்விடத்திலேதான் தமிழ் இவ்வரலாற்றினுள் நுழைகின்றது. புதுச்சேரியை ஆண்டது இக்கம்பனியே. ஆபிரிக்க அடிமை வாணிபத்தில் ஈடுபட்டதும் இதுவே. பின்யோன் கீழைநாட்டு நூல்களைத் தேடித் தருமாறு வேண்ட, புதுச்சேரியிலும் வங்காளத்துச் சந்திரநாகூரிலும் இருந்த யேசு சபைக் குருமார் 1729 தொடக்கம் சில ஆண்டுகளாக இந்தியச் சுவடிகளைச் சேகரித்து அனுப்பினர். அவற்றிற் தமிழ்ச் சுவடிகளும் அடங்கும். 1739இல் இலத்தீன் மொழியில் வெளிவந்த கீழைநாட்டுச் சுவடிப் பட்டியலில் இவை இடம்பெற்றன. பட்டியலிற் சேர்ந்தனவேயன்றி, அந்நாளில் அந்நகரில் அவற்றைப் படித்துப் பொருள் காண வல்லார் அரியர். நூறாண்டு கழிந்து, புதுச்சேரியிற் பிரெஞ்சு அரசின் அலுவலராயிருந்த எடுவார் அரியேல் தமிழைக் கற்று, திருக்குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வெளியிட்டார். 1854இல் அவர் இறந்தபின் அவரது தமிழ்ச் சுவடித் தொகுதியும் இந்நூல்நிலையத்தை அடைந்தது.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? அந்நியர் நம் ஏடுகளைக் கொண்டு சென்றனர் என்று சினங்கொள்வோரும் உளர். அவர் கொண்டு சென்றதாலன்றோ செல்லுக்கும் நெருப்புக்கும் தப்பின என்று நன்றி கூறுவோரும் உளர். இவ்விரு கூற்றிலும் உண்மையின் ஒரு பாதியே உளது. அரியேலின் தமிழ்ப்பற்று ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் தனிமனிதரின் பற்று, அப்பற்று செயற்பட்ட ஆட்சியமைப்பின் தன்மையை மாற்றிவிடுவதில்லை. ஏட்டை எழுதிய ஊரிலே அதைப் படிக்க வேண்டிய பிள்ளைக்கு அது எட்டாப் பொருளாயிற்று. ஏடு சென்ற ஊரிலே அதைப் படிக்க ஆளிருக்கவில்லை. காப்பாற்றப்பட்டது என்பதும், வாசகரினின்று பிரிக்கப்பட்டது என்பதும் ஒருங்கே உண்மையாதல் கூடும்.

1789இன் புரட்சி நிலைமையை அடியோடு மாற்றியது. திருச்சபையின் சொத்துக்கள் நாட்டுடைமையாயின. நாட்டை விட்டோடிய பிரபுக்களின் நூல்கள் பறிமுதலாயின. அரச நூல்நிலையம் தேசிய நூல்நிலையம் எனப் பெயர் பெற்றது. புரட்சிக் காலத்தில் ஏறத்தாழ 250,000 அச்சு நூல்களும் 14,000 கையெழுத்துப் பிரதிகளும் அங்கு வந்து சேர்ந்தன எனக் கணக்கிடப்பட்டுள்ளது. மடங்களிலும் மாளிகைகளிலும் அடைபட்டிருந்த அறிவு நாட்டின் பொதுச் சொத்தாயிற்று. இதன் சிறப்பை எவ்வளவு கூறினும் தகும். அதேவேளையில், புரட்சியின் படைகளும் அவற்றைத் தொடர்ந்து நெப்போலியனின் படைகளும் பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் இருந்து நூல்களை அள்ளி வந்ததையும், அவற்றிற் பல 1815இன் பின் திருப்பி அளிக்க வேண்டியதாயிற்று என்பதையும் நாம் மறைத்தலாகாது. தன் நாட்டிற் பிரபுவின் பூட்டை உடைத்தோர், அயல்நாட்டிற் புதிய பிரபுக்களாயினர்.

பெயர் மாறிய வேகத்திற் கட்டிடம் மாறவில்லை. புரட்சிக்கு முன்னரே, 1785இல், பூலே என்னும் கட்டிடக் கலைஞர் முற்றம் முழுவதையும் ஒரே வளைகூரையால் மூடி, அடுக்கடுக்கான நூல்களின் நடுவே மக்கள் நடமாடும் மாபெரும் மண்டபம் ஒன்றை வரைந்திருந்தார். அது காகிதத்தோடு நின்றுவிட்டது. புரட்சி கண்ட கனவுகளிற் பலவும் அவ்வாறே நின்றன.

கட்டிடத்தை உண்மையிற் புதுப்பித்தவர் 1854இல் நியமனம் பெற்ற ஹென்றி லாப்ரூஸ்த். 1868இல் திறக்கப்பட்ட அவரது வாசிப்பு மண்டபம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்று என்பதை மறுப்பாரில்லை. பத்து மீற்றர் உயரமான பதினாறு மெல்லிய இரும்புத் தூண்கள் ஒன்பது குவிமாடங்களைத் தாங்குகின்றன. ஒவ்வொரு குவிமாடத்தின் உச்சியிலும் உள்ள வட்டக் கண்ணாடி வழியே பகலொளி இறங்குகின்றது. சுவரின் மேற்பகுதியில் மரக்கிளைகளும் வானமும் தீட்டப்பட்டுள்ளன. சோலையில் அமர்ந்து படிப்பது போன்ற உணர்வு வாசகனுக்கு ஏற்படுகின்றது. அப்பால் உள்ள நூற்களஞ்சியத்தில், மேற்கூரையின் ஒளி கீழ்த்தளம் வரை செல்லுமாறு தளங்கள் இரும்புக் கம்பிச் சட்டங்களால் அமைக்கப்பட்டன. புகையிரத நிலையங்களையும் பாரிஸின் மத்திய சந்தையையும் எழுப்பிய அதே இரும்பு இங்கே நூலுக்குக் கூரையாயிற்று. இரும்பை வார்த்த தொழிலாளரின் திறனை அழகாக்கிக் காட்டியதிலேயே லாப்ரூஸ்தின் பெருமை இருக்கின்றது.

அத்தொழிலாளர் அங்கு வந்து படித்தனரா என்பது அடுத்த வினா. இம்மண்டபத்தில் வாயு விளக்கு வைக்கப்படவில்லை. தீப்பற்றும் என்ற அச்சமே காரணம். எனவே இருள் சூழுமுன் வாசகர் எழுந்து போக வேண்டும். பாரிஸ் நகரின் மாரிக்காலத்திற் பிற்பகல் நான்கு மணிக்கே ஒளி மங்கிவிடும். தொழிற்சாலைகளில் வேலைநாள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்று 1848இன் சட்டம் கூறிய காலம் அது. பன்னிரண்டு மணி நேரம் உழைப்பவனுக்குப் பகலில் மட்டும் திறந்திருக்கும் நூல்நிலையத்தால் ஆவதென்ன? இரவு வாசிப்பு இயலாத காரியமன்று. அதே நகரிற் செந்த் ஜெனவியேவ் நூல்நிலையம் மாணவர்களுக்காக 1838 முதல் மாலையிலும் திறக்கப்பட்டது. 1851இல் அதற்கு வாயு விளக்குடன் கூடிய புதிய கட்டிடம் அமைத்தவரும் இதே லாப்ரூஸ்த்தான். ஆகவே இது கலைஞரின் குறையன்று. யாருக்காகக் கட்டுகிறோம் என்று முடிவு செய்தோரின் தெரிவு.

அத்தெரிவு தற்செயலானதன்று. எழுத்தாளர் மெரிமேயின் பெயரால் அறியப்படும் 1858ஆம் ஆண்டு அறிக்கை, வாசகரை இரு வகையினராகப் பிரித்தது. ஆராய்ச்சி செய்வோருக்கு அனுமதிச் சீட்டுடன் கூடிய பணி மண்டபம். மற்றையோருக்கு வேறாக ஒரு பொது வாசிப்பறை. நாவல் படிக்கவும் குளிருக்கு ஒதுங்கவும் வருவோர் அறிஞருக்கு இடையூறாகின்றனர் என்பது அக்காலத்து முறைப்பாடு. இதிற் சிறிதும் நியாயமில்லை என்று நாம் கூறவில்லை. அரிய சுவடியை ஆராய்பவனுக்கு அமைதி வேண்டும். உலகில் ஒரே பிரதியாக எஞ்சியுள்ள நூலை எல்லோர் கையிலும் கொடுத்தல் இயலாது. ஆனால் ஒன்பது குவிமாடங்களும் ஓவியச் சோலையும் ஒரு சாராருக்கும், எஞ்சிய அறை மறு சாராருக்கும் என்று ஒதுக்கியபோது, பிரிக்கப்பட்டது வேலையின் தன்மை மட்டுமன்று. மனிதரின் தகுதியும் பிரிக்கப்பட்டது. குளிருக்கு ஒதுங்க வந்தவன் கையில் எடுத்த நாவலே அவனது முதற் பாடநூலாதல் கூடும் என்று அவ்வறிக்கைக் காலத்து அறிஞர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தீயச்சத்தை ஏளனம் செய்ய நமக்கு மனம் வராது. 1981 ஜூன் முதலாந் திகதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் ஏறத்தாழ 97,000 நூல்களுடனும் ஏடுகளுடனும் எரிக்கப்பட்டதை அறிந்தவர் நாம். பாரிஸ் நகரும் அத்தகைய இரவைக் கண்டதுண்டு. 1871 மே மாதத்தில், பாரிஸ் கம்யூன் இரத்த வெள்ளத்தில் மூழ்கடிக்கப்பட்ட நாள்களில், துயிலரி அரண்மனைக்கு மூட்டப்பட்ட தீயிற் லூவர் நூல்நிலையம் எரிந்து சாம்பலாயிற்று. கம்யூனைப் போற்றுவோர் இதனை மழுப்பிவிடுதல் நேர்மையன்று. ரிஷலியூ வீதி நூல்நிலையமோ தப்பியது. அதன் பொறுப்பாளராகக் கம்யூன் நியமித்திருந்தவர் எலி ரெக்லூ என்னும் மானிடவியல் அறிஞர். கம்யூன் வீழ்ந்தபின் அவர் நாடு நீங்கி வாழ நேர்ந்தது. புரட்சியாளர் யாவரும் நூலை எரிப்போர் என்று கூறுவோருக்கும், அவர்களுக்குக் குற்றமே இல்லை என்று கூறுவோருக்கும் அந்த மே மாதம் விடையளிக்கின்றது.

பொதுமக்களுக்கெனத் தனியே ஒரு பெரு மண்டபம் கட்டும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது. லாப்ரூஸ்தின் பின் வந்த பஸ்கால் அதை நீள்வட்ட வடிவில் வரைந்தார். பணமின்மையாலும் உலகப் போராலும் வேலை தடைப்பட்டுத் தடைப்பட்டு, ரெகுரா என்பவர் கையில் முடிவுற்று, 1936இலே திறக்கப்பட்டது. மக்கள் முன்னணி அரசு பதவியேற்று, தொழிலாளர் நாற்பது மணி நேர வாரத்தையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் வென்றெடுத்த ஆண்டு அது. ஓய்வு கிடைத்த மக்களுக்கு வாசிப்பு மண்டபமும் கிடைத்தது என்று எழுத நம் பேனை விரும்புகின்றது. ஆனால் நடந்தது அதுவன்று. மண்டபம் திறந்தபோது அது சஞ்சிகைகளை ஆராய்வோருக்குரிய இடமாகிவிட்டிருந்தது. மக்களுக்கென எண்ணி வரைந்த மண்டபம் மக்களை அடையவில்லை.

நான்கு ஆண்டுகளில் நாஜிப் படைகள் பாரிசினுள் நுழைந்தன. 1930 முதல் நூல்நிலையத்தின் தலைவராயிருந்த ஜூலியென் கேன், விஷி அரசினால் 1940இற் பதவி நீக்கப்பட்டார். பின்னர் கைதாகி, 1944இல் புகென்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, உயிருடன் மீண்டு, 1945இல் மறுபடியும் பொறுப்பேற்றார். அவருடைய இடத்தில் அமர்த்தப்பட்ட பேர்னார் ஃபாயி ஆக்கிரமிப்பாளருடன் ஒத்துழைத்தவர். 1942 ஜூலையிற் ஜேர்மனியர் பிறப்பித்த கட்டளை, யூதர்கள் நூல்நிலையங்களுக்குச் செல்வதையே தடை செய்தது. மணிக்கூட்டாலும் அனுமதிச் சீட்டாலும் நாகரிகமாக நடந்த விலக்கல், அந்நாளிற் தன் முகமூடியைக் கழற்றி நின்றது. வாயிலிற் யாரை விடுவது என்பது நிர்வாக விடயம் மட்டுமே என்று கருதுவோர் அவ்வாண்டை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அம்மண்டபத்தில் அமர்ந்து உழைத்தோருள் ஒருவர், ஹிட்லரின் ஜேர்மனியினின்று தப்பி வந்த வால்டர் பென்யமின். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் பற்றிய தம் பெருநூலுக்கு வேண்டிய குறிப்புகளை அங்கேதான் அவர் ஆண்டுக்கணக்காகத் திரட்டினார். சுவரில் தீட்டிய அந்த மரக்கிளைகளும் அவரது குறிப்புகளில் இடம்பெற்றுள்ளன. 1940இல் நகரைவிட்டு ஓடுமுன் தம் தாள்களை அங்கு நூலகராயிருந்த ஜோர்ஜ் பத்தாயிடம் ஒப்படைத்தார். பத்தாய் அவற்றை நூல்நிலையத்திலேயே மறைத்து வைத்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் ஸ்பானிய எல்லையிற் பென்யமின் இறந்தார், தாள்கள் பிழைத்தன. முன்பு நோடே, இப்பொழுது பத்தாய்: இம்மனையின் மானத்தைக் காத்தவர்கள் பெரும்பாலும் அதன் ஊழியர்களே.

அலென் ரெனே 1956இல் இந்நூல்நிலையம் பற்றி எடுத்த குறும்படம் இவ்வகையிற் கருதத்தக்கது. புதிதாக வந்த நூல் ஒன்று பதியப்பட்டு, முத்திரையிடப்பட்டு, அலுமாரியில் அடைபடுவதை அவர் சிறைக்குச் செல்லும் கைதியின் கதைபோற் காட்டுகின்றார். வாசகன் கேட்டபோது அது வெளிவந்து, பலர் நடுவே மேசையிற் திறக்கப்படுகின்றது. நூலின் விடுதலை வாசகன் கையில் என்பதே படத்தின் கருத்து. அதனுடன் நமக்கு உடன்பாடே. ஆயினும் கைதியை விடுவிக்கச் சாவி யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற வினாவை அப்படம் ஆழ்ந்து கேட்கவில்லை.

1988இல் ஜனாதிபதி மித்தரான் புதிய பெரு நூல்நிலையம் ஒன்றை அறிவித்தார். செய்ன் நதிக்கரையில், திறந்த நூல்களை நிறுத்திவைத்தாற் போன்ற நான்கு கோபுரங்கள் எழுந்தன. 1998இல் அச்சு நூல்கள் யாவும் அங்கு சென்றன. அவ்வாண்டு ஒக்டோபரில் ஆராய்ச்சிப் பகுதி திறந்ததும், கணினி முறைகளின் குழப்பத்தையும் வேலை நிலைமைகளையும் எதிர்த்து ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். கண்ணாடிக் கோபுரத்தை மெச்சுவோர் அதனுள் நூலைத் தூக்கிச் செல்பவரை எண்ணுவதில்லை. அவர் கைவிட்டபோதுதான் எண்ணுகின்றனர்.

பழைய தொகுதியிற் சுவடிகளும் நாணயங்களும் ஓவியப் படிகளும் எஞ்சின. புருனோ கோடன் என்னும் கட்டிடக் கலைஞரின் மேற்பார்வையில் அது திருத்தப்பட்டது. லாப்ரூஸ்தின் மண்டபம் 2016 முதல் கலை வரலாற்று ஆராய்ச்சிக்கான நூல்நிலையமாக விளங்குகின்றது. நீள்வட்ட மண்டபமோ 2022 செப்டெம்பரில், கட்டணமின்றி, அனுமதிச் சீட்டின்றி, எவரும் நுழையத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 20,000 நூல்கள் அங்கு கைக்கெட்டும் தட்டுகளில் உள்ளன. சித்திரக் கதைகளும் அவற்றுட் பல. குளிருக்கு ஒதுங்கி நாவல் படிக்க வந்தவனை வேறு அறைக்கு அனுப்பிய இடத்தில், இன்று சிறுவன் ஒருவன் சித்திரக் கதையுடன் கண்ணாடிக் குவிமாடத்தின் கீழ் அமரலாம். நூறாண்டுக்கு மேலாகத் தாமதித்த நீதி இது, தாமதித்தாலும் நீதியே.

இத்துடன் எல்லாம் நிறைவேறிற்று என்று நாம் மகிழ்ந்திருத்தலாகாது. மசாரின் கூடத்தைக் காண நுழைவுச்சீட்டு வேண்டும். பாரிஸின் நடுப்பகுதியிற் குடியிருக்க இயலாது தூரப் புறநகரில் வாழும் தொழிலாளியின் பிள்ளைக்குத் திறந்த வாயிலும் தொலைவிலேயே இருக்கின்றது. மேலும், வேலை முடிந்து வாசகர் வந்து அமரும் இடம் என்பதைவிடப் பயணிகள் வந்து படம் பிடித்துச் செல்லும் காட்சிப்பொருளாகப் பழம்பெருங் கட்டிடங்கள் மாறிவரும் காலம் இது. வாயில் திறந்திருப்பது தொடக்கம். உள்ளே நுழைந்தவன் பார்வையாளனாகத் திரும்புகிறானா, வாசகனாகத் திரும்புகிறானா என்பதே முடிவு.

நம் ஏடுகளின் கதைக்கு வருவோம். அந்நூல்நிலையம் 1997 முதல் நடத்திவரும் கல்லிக்கா என்னும் இணையத் தொகுப்பின் வழியாக, அங்குள்ள தமிழ்ச் சுவடிகளிற் சிலவற்றை இன்று யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மலையகத்துப் பாடசாலையிலோ இருந்து காணலாம். கப்பலேறிச் சென்ற ஏடு நிழற்படமாய்த் திரும்பிவிட்டது. ஆனால் பழைய எழுத்தைப் படிக்கக் கற்ற கண்கள் நம்மிடையே எத்தனை? 1739இல் பாரிஸிற் படிக்க ஆளின்றிக் கிடந்த சுவடி, நம்மிடமும் படிக்க ஆளின்றிக் கிடக்குமாயின், அக்குறையைக் கம்பனியின் தலையில் ஏற்றிவிட இயலாது.

இறுதியாக ஒன்று. பாரிஸின் வாயில்களைக் குறைகூறும் நாம், நம் பாடசாலை நூல்நிலையங்களையும் அதே வினாவாற் சோதித்துப் பார்த்தல் தகும். கண்ணாடி அலுமாரியில் நூல்களை அடுக்கிப் பூட்டி, சாவியைக் காரியாலயத்தில் வைத்து, இருப்புக் கணக்கு வேளையில் மட்டும் திறக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. நூல் தொலைந்தாற் பொறுப்புக் கூற வேண்டும் என்ற அச்சம் ஆசிரியருக்கு உண்டு. அது உண்மையான அச்சமே. எனினும் யாரும் தொடாமையால் நூல் தொலைவதில்லை, மாணவன்தான் தொலைகின்றான். இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர் ஒருவர் நாளைக் காலையில் அவ்வலுமாரியைத் திறந்து, பாடசாலை விட்டபின் ஒரு மணி நேரம் திறந்தபடியே வைத்திருப்பாராயின், நோடே தொடங்கிய வேலையில் அவருக்கும் பங்குண்டு என்போம்.